மொந்தன் கரடியும் இரண்டு வெற்று ஓலைகளும்

மூங்கிலணைக் காட்டில் மொந்தன் என்றொரு கரடி தேன் கடை வைத்திருந்தது. தேனில் கலப்படம் கிடையாது, அளவில் குறை கிடையாது, வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காது. ஒரே ஒரு கோளாறுதான். கெடு என்று ஒன்று இருந்தால், அது முடிந்த பிறகுதான் மொந்தனுக்கு ஞாபகம் வரும்.

அந்தக் காட்டில் கடைக்காரர்கள் எல்லோரும் பொருளின் விலையோடு கொஞ்சம் வரியும் சேர்த்து வாங்குவார்கள். ஏரிக்கரையைப் பழுது பார்ப்பதற்கான வரி அது. மாதம் எவ்வளவு விற்றது, எவ்வளவு வரி சேர்ந்தது என்று ஒரு பனையோலையில் குறித்து, வரியோடு சேர்த்து, பௌர்ணமியன்று பொழுது சாய்வதற்குள் கொக்கு அய்யாவிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதமானால் கரைக்கு ஒரு கூடை மண் சுமந்து கொட்ட வேண்டும். இரண்டு நாள் என்றால் இரண்டு கூடை. கொக்கு அய்யா ஏரிக்கு நடுவே ஒரு திட்டில் நின்று ஓலை வாங்குவார். சிரித்துப் பேசி அவரை மடக்கியவர் யாரும் இல்லை.

மொந்தன் வானத்தில் முழு நிலாவைப் பார்க்கும். “அடடா! இன்னிக்குப் பௌர்ணமியா?” என்று தலையில் அடித்துக்கொள்ளும். நிலா தெரிகிறது என்றால் பொழுது சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதை அது ஒரு மாதமும் யோசித்ததில்லை. மறுநாள் போய் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு ஓலையைக் கொடுக்கும்.

“ஒரு கூடை மண்தானே! உடம்புக்கு நல்லது!” என்று தொந்தியைத் தடவிக்கொள்ளும்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. தேனடைகள் எல்லாம் ஊறிப்போயின. மொந்தன் கடையைச் சாத்திவிட்டுக் குகைக்குள் போய்ச் சுருண்டு படுத்தது.

பௌர்ணமிக்கு முதல்நாள் மரங்கொத்தி செங்கமலம் நனைந்துகொண்டே வந்தது. காட்டில் எல்லோருக்கும் ஓலையில் கணக்கைக் கொத்திக் கொடுப்பது அதுதான்.

“மொந்தண்ணே, எழுந்திரிங்க! ஓலை போடணும்!”

“என்ன ஓலை? ஒரு சொட்டுத் தேன்கூட விக்கலையே!”

“அப்படின்னா ஒன்னும் விக்கலைன்னு ஓலை போடணும்ண்ணே. வெறும் ஓலையில உங்க கடை அடையாளத்தை மட்டும் கொத்தினாப் போதும். ஒரு கொத்துத்தான்!”

மொந்தன் விழுந்து விழுந்து சிரித்தது.

“இல்லாததை எதுக்கு எழுதணும்? நான் ஓலை கொடுக்கலைன்னாலே ஒன்னும் விக்கலைன்னு தெரிஞ்சுக்க வேண்டியதுதானே! இந்தச் சின்ன விஷயம் கொக்கு அய்யாவுக்குத் தெரியாதா?”

“தினமும் ஒரு கூடை மண் ஏறிக்கிட்டே போகும்ண்ணே!”

“போம்மா, போ! மழையில ரொம்ப நனையாதே!”

தன் புத்திசாலித்தனத்தை நினைத்து மொந்தனுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு தூங்கிப்போனது. கார்த்திகையிலும் மழை. கார்த்திகையிலும் ஓலை இல்லை. நடுவில் கொக்கு அய்யா தவளையை அனுப்பி இரண்டு முறை நோட்டீஸ் கொடுத்தார். தவளை குகை வாசலில் நின்று தொண்டை வறளக் கத்தியது. ‘மழைக்காலம்னா தவளை கத்தத்தான் செய்யும்’ என்று மொந்தன் புரண்டு படுத்தது.

மார்கழியில் வெயில் அடித்தது. தேன் கிடைத்தது. பலகாரக் கடை வைத்திருந்த மந்தி சொர்ணம் பன்னிரண்டு கலயம் வாங்கிப்போனது. வாங்கும்போதே ஒரு பேச்சும் போட்டது.

“தம்பி, தைப்பூசச் சந்தைக்குத் தினை உருண்டை பிடிக்கப்போறேன். நாற்பது கலயம் தேன் வேணும். உன்கிட்டயே வாங்கிக்கறேன்.”

நாற்பது கலயம்! மழையில் போன இரண்டு மாத வியாபாரமும் ஒரே கையில் திரும்பிவிடும். மொந்தனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ஆனா ஒன்னு,” என்றது சொர்ணம். “இந்த மாச ஓலையைப் பௌர்ணமிக்குள்ள போட்டுடணும். உன்கிட்ட கொடுத்த வரியை நான் கட்டுற வரியில கழிச்சுக்குவேன். அதை நீ ஓலையில காட்டலைன்னா, அதே வரியைக் கொக்கு அய்யா என்கிட்ட மறுபடி கேப்பார். ரெண்டு தடவை கட்ட எனக்கென்ன வேண்டுதலா? ஓலை விழலைன்னா பக்கத்துத் தேன் கடை மரநாய்கிட்ட வாங்கிக்குவேன். கோவிச்சுக்காதே.”

“அக்கா! இந்தத் தடவை பாருங்க!” என்றது மொந்தன்.

சொன்னபடி பௌர்ணமியன்று உச்சி வெயிலிலேயே மொந்தன் கிளம்பிவிட்டது. அதன் வாழ்க்கையில் இது பெரிய சாதனை. வழியில் செங்கமலத்திடம் மார்கழி ஓலையைக் கொத்தி வாங்கியது.

“அப்படியே பழைய ரெண்டையும் கொத்திடட்டுமா?”

“முதல்ல இதை முடிப்போம்மா!”

ஏரிக்கரைக்கு வந்து பார்த்தால் காடே அங்கே நின்றது. மொந்தனைப் போலவே எல்லோரும் கடைசி நாளுக்கென்று காத்திருந்தார்கள் போலும். திட்டுக்குப் போக ஒரே ஒரு மரப்பாலம். அதில் எருமையும் மானும் பன்றியும் ஒன்றாக ஏற, பாலம் தண்ணீருக்குள் முங்கியது. ஓலைகள் மிதந்தன. முயல் ஒன்று தன் கணக்கைத் துரத்திக்கொண்டு நீந்தியது.

பாலத்துக் காவலாளியான ஆமை, தலையை மட்டும் வெளியே நீட்டி, “பாலம் இப்போ வேலை செய்யலை! கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க!” என்றது. சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்குமேல் யார் கூப்பிட்டும் அது பேசவில்லை.

வரிசையில் மொந்தனுக்கு முன்னால் முள்ளம்பன்றி. பின்னாலிருந்து தள்ளுகிறவர்களுக்கு அது தெரியுமா? ஒவ்வொரு தள்ளுக்கும் மொந்தன் ஒரு முறை “ஐயோ!” என்றது.

ஒருவழியாகப் பாலம் மறுபடி மேலே வந்து, மொந்தன் கொக்கு அய்யா முன்னால் போய் நின்றபோது சூரியன் மலை உச்சிக்கு இரண்டு முழம் மேலே இருந்தது. மொந்தன் பெருமிதத்தோடு ஓலையை நீட்டியது.

கொக்கு அய்யா அதைத் தொடவே இல்லை.

“கார்த்திகை ஓலை எங்கே? ஐப்பசி ஓலை எங்கே?”

“மழைங்கய்யா. ஒன்னும் விக்கலை.”

“அதைச் சொல்ற ஓலை எங்கே?”

“ஓலை வரலைன்னாலே விக்கலைன்னுதானேய்யா அர்த்தம்!”

“நீ விக்கலையா, வித்துட்டு மறைச்சியா, நான் எப்படிக் கண்டேன்? நான் கொக்கு, ஜோசியன் இல்லை. பழைய ஓலை விழாம புது ஓலை விழாது. ஐப்பசி ஓலைக்கு ஐம்பத்தொன்பது நாள். கார்த்திகை ஓலைக்கு முப்பது நாள். எண்பத்தொன்பது கூடை மண்ணைக் கொட்டிட்டு வா.”

மொந்தனுக்கு நாற்பது கலயமும் கண்ணெதிரே மரநாயின் கடைக்கு நடந்துபோவது போலிருந்தது.

“செங்கமலம்! அம்மா! ஓடி வா!”

செங்கமலம் பறந்து வந்தது. இரண்டு வெறும் ஓலைகளை எடுத்தது. டொக். டொக். அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு ஓலையும் தயார். மொந்தன் அதை வாயைப் பிளந்து பார்த்தது. இதற்கா இரண்டு மாதமாக அடம்பிடித்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டது.

பிறகு கூடையைத் தூக்கியது. ஓடியது, அள்ளியது, கொட்டியது. பத்து. இருபது. நாற்பது. மூச்சு இரைத்தது. ஓலை கொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள் எல்லாம் நின்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

“அறுபத்தேழு! அண்ணே, விடாதீங்க!” என்று முயல் கத்தியது.

எழுபத்தொன்றாவது கூடையைக் கொட்டி நிமிர்ந்தபோது, எதிரே மூங்கில் புதருக்கு மேலே உருண்டையாக, பளபளவென்று நிலா வந்து நின்றது. வழக்கம்போல மொந்தனுக்குப் பௌர்ணமியை ஞாபகப்படுத்தியது.

மொந்தன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதது. கூடை நசுங்கியது.

மறுநாள் மிச்ச மண்ணைக் கொட்டியபோது, பழைய இரண்டு ஓலைக்கும் நேற்றுச் சொன்ன கணக்கே போதும், ஆனால் மார்கழி ஓலையும் ஒரு நாள் தாமதம் என்று கொக்கு அய்யா இன்னொரு கூடை கேட்டார். மொத்தம் தொண்ணூறு. சொர்ணம் சொன்ன சொல் தவறவில்லை. தைப்பூசத்துத் தினை உருண்டை முழுக்க மரநாயின் தேனில் பிடிக்கப்பட்டது. மொந்தனும் ஒன்று வாங்கித் தின்றது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

அடுத்த ஐப்பசியிலும் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பித் தளும்பியும் கரை உடையவில்லை. தொண்ணூறு கூடை மண்ணும் கரையில் ஒரு மேடாக எழும்பி நின்றது. காடே அதை ‘மொந்தன் மேடு’ என்றுதான் கூப்பிட்டது.

பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மரப்பாலத்தில் ஈ காக்கை இல்லை. சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒரே ஓர் உருவம் திட்டுக்கு வந்து, ஓர் ஓலையை இரண்டு கையாலும் நீட்டியது.

“அய்யா! மழைக்குக் கடையைச் சாத்தியாச்சு, இந்த மாசம் ஒன்னுமே விக்கலைங்க!” என்றது மொந்தன், ஏதோ ஊரையே விற்றுத் தீர்த்துவிட்ட குரலில்.

கொக்கு அய்யா ஓலையை வாங்கி அடுக்கில் செருகினார். அந்த அடுக்கில் அதுதான் முதல் ஓலை.

பின்னாலேயே தன் ஓலையோடு வந்து நின்ற மந்தி சொர்ணம் இதைப் பார்த்தது. மொந்தனின் ஈரமான முதுகில் ஒரு தட்டுத் தட்டியது.

“தம்பி, வர்ற தைப்பூசத்துக்கு நாற்பது கலயம். இப்பவே எழுதிக்கோ!”

விற்றாலும் விற்காவிட்டாலும் மாதக் கணக்கை அந்தந்த மாதமே கொடுத்துவிட்டால் ஒரு கொத்தில் முடியும். தள்ளிப்போட்டால் அதுவே மேடாகக் குவிந்து, நம் முதுகின்மேல்தான் ஏறும்.