பூதம் எத்தனாம் நம்பர்?

அசமந்தபுரம் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், காலடியைக் காட்டி, "இங்கேதான்" என்பார்கள். தப்பில்லை. அவர்கள் எதையுமே தப்பாகச் சொன்னதில்லை.

அந்த ஊரில் ஒரு நாடகக் குழு இருந்தது. மொத்தம் நான்கே பேர். தலைவர் வைரவன். அவருக்குக் கீழே சப்பாணி, இடும்பன், பெரியகருப்பன். பெரியகருப்பனுக்கு எப்போதும் பூத வேடம்தான். வேறு வேடத்துக்குள் அவர் அடங்கமாட்டார், உடம்பு அப்படி.

போன வருடத் திருவிழாவில், தகரப் பீப்பாயிலிருந்து பூதம் கிளம்பும் காட்சியில் புகை வரவில்லை. பெரியகருப்பன் சும்மா எழுந்து நின்றார். முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி, "கருப்பன் மாமா, எங்க வீட்டு ஏணியை எப்போ திருப்பித் தருவீங்க?" என்று கேட்டுவிட்டாள். சபை சிரித்த சிரிப்பில் நாடகம் அங்கேயே முடிந்தது.

இந்த வருடம் கோயில் கமிட்டித் தலைவர் சொர்ணலிங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பூதம் புகையோட வரணும். வரலைன்னா மறுநாளே கீழப்பட்டிக் குழு வந்து இதே மேடையில ஆடும். அப்புறம் வருஷா வருஷம் மேடை அவங்களுக்குத்தான்."

நான்கு பேரும் பதறிப்போய் டவுனுக்குப் புறப்பட்டார்கள். அங்கே மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார் சகாயமேரி. விஷயத்தைக் கேட்டதும், "புகைதானே? சின்னக் காயில் ஒண்ணு சுத்தி, நடுவுல பஞ்சு வச்சு, கிளிசரின்ல நனைச்சு, பேட்டரியில கொடுத்தாப் போதும். வெள்ளையாப் புகை வரும்" என்றார். இரண்டு கம்பிச் சுருள்களை எடுத்து முன்னால் வைத்தார். "இதுக்கு இருபத்தெட்டாம் நம்பர் சரியா இருக்கும். இந்த இருபத்திரண்டு வேண்டாம்."

இருபத்தெட்டு, தலைமுடி போல இருந்தது. இருபத்திரண்டு, கோணி ஊசி போல இருந்தது.

இடும்பனுக்குச் சந்தேகம் வந்தது. "அக்கா, இருபத்தெட்டு பெரிசா, இருபத்திரண்டு பெரிசா?"

"இருபத்தெட்டு."

"அப்புறம் ஏன் கம்பி சின்னதா இருக்கு?"

"நம்பர் கூடக் கூடக் கம்பி மெலியும் தம்பி. இந்தத் தொழில்ல அப்படித்தான்."

நால்வரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள். திரும்பி வந்த வைரவன், "தடிச்சதையே கொடுங்க அக்கா. மெலியணும்னா நம்பரை நாங்க ஊர்ல போய்க் கூட்டிக்கிறோம்" என்றார்.

நாடகக்காரர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து, சகாயமேரி சிரித்துக்கொண்டே கம்பியை வெட்டிக் கொடுத்தார். செய்முறையையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

அசமந்தபுரம் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வசனத்தை இன்னொருவர் மனப்பாடம் செய்யக் கூடாது. தன் முறை வராமல் வாயைத் திறக்கவும் கூடாது. எனவே சகாயமேரி சொன்னதையும் ஆளுக்கொரு வசனமாகப் பிரித்துக்கொண்டார்கள். 'நம்பர் கூடக் கூடக் கம்பி மெலியும்' வைரவனுக்கு. 'பென்சில் மேலே ஆறு சுத்து சுத்தணும்' சப்பாணிக்கு. 'சுத்தினதும் பென்சிலை உருவிடணும்' பெரியகருப்பனுக்கு. 'தடிச்சது சூடாக நேரமாகும், அவசரப்படக் கூடாது' இடும்பனுக்கு.

ஊருக்கு வந்து வேலையை ஆரம்பித்தார்கள். வைரவன் தன் வசனத்தைச் சொன்னார். சப்பாணி தன் வசனத்தைச் சொல்லி, பென்சில் மேல் ஆறு சுற்றுச் சுற்றினார். அடுத்தது பெரியகருப்பன். ஆனால், "பூதமே, வா!" என்று அழைத்தால்தான் அவர் பேசுவார். பத்து வருடப் பழக்கம். யாரும் அழைக்கவில்லை. அவரும் பேசவில்லை. அவர் பேசாததால் இடும்பனும் பேசவில்லை.

நடுவில் பென்சில் இருந்ததால், பஞ்சைக் காயிலின் மேலேயே சுற்றி நனைத்தார்கள். பேட்டரியை இணைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"கம்பி தடிமன்" என்றார் வைரவன். "நம்பரைக் கூட்டுவோம்." வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, ஈர்க்குச்சியால் பென்சில் மேல் 28 என்று எழுதினார்.

நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"மெலிஞ்சிருக்கா?"

"கொஞ்சம் வாட்டமா இருக்கு அண்ணே" என்றார் சப்பாணி.

"வாட்டம் போதாது" என்று 28-ஐ அழித்து 40 என்று எழுதினார் வைரவன். அதற்குள் காயிலுக்குச் சூடாக வேண்டிய நேரம் ஆகியிருந்தது. பஞ்சு புகைந்தது. பென்சிலும் சேர்ந்து புகைந்தது. நால்வரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பதின் மகிமையை அன்றைக்குக் கண்ணால் பார்த்தார்கள்.

திருவிழா அன்று மதியமே பெரியகருப்பனைப் பீப்பாய்க்குள் இறக்கிவிட்டார்கள். பூதம் பசியோடு இருந்தால் குரல் எழும்பாது என்று, உள்ளேயே மூன்று இலைச் சாப்பாடு கொடுத்தார்கள். பீப்பாய்க்குப் பின்னால் ஒரு தட்டில் புதுக் காயில், புதுப் பென்சில், அதன்மேல் 40.

பொழுது சாயத் திரை விலகியது. செட்டியார் வேடத்தில் வைரவன் பீப்பாயைத் தட்டி, "பூதமே, வா!" என்றார்.

குபுகுபுவென்று புகை வந்தது. பூதம் எழுந்தது. எழுந்து, தொப்புள் வரை வந்து நின்றது. திரும்பித் தட்டைப் பார்த்து, அத்தனை நாளாகக் காத்திருந்த வசனத்தை முழங்கியது:

"சுத்தினதும் பென்சிலை உருவிடணும்!"

உடனே திரை மறைவிலிருந்து இடும்பன் ஓடி வந்து தன் வசனத்தைச் சொன்னார்: "தடிச்சது சூடாக நேரமாகும், அவசரப்படக் கூடாது!"

மந்திரம் என்று நினைத்துச் சபை கும்பிட்டது. பூதம் மட்டும் வெளியே வரவில்லை.

"அண்ணே, மாட்டிக்கிட்டேன்" என்றது பூதம்.

மேடையிலேயே ஆலோசனை நடந்தது.

"இப்போ இவரு எத்தனாம் நம்பர்?" என்றார் இடும்பன்.

"ஒண்ணு இருக்கும்."

"ஒண்ணா? அரை. அதுவும் சாப்பிடறதுக்கு முன்னாடி."

வைரவன் சுண்ணாம்பை எடுத்துப் பெரியகருப்பனின் முதுகில் 40 என்று எழுதினார். இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. ஒரு சைபர் சேர்த்தார். அசையவில்லை. நாலாயிரம் ஆயிற்று, நாற்பதாயிரம் ஆயிற்று. முதுகில் இடம் தீர்ந்துபோனதால், அடுத்த சைபரைப் பீப்பாயின் மேல் போட்டார்.

"அண்ணே!" என்று அலறினார் சப்பாணி. "பீப்பாயும் மெலியுமே!"

"ஐயோ, இறுக்குது! அழிங்க, அழிங்க!" என்று பூதம் கதறியது. பீப்பாய் மேல் போட்ட சைபரை வைரவன் துண்டால் துடைத்த பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது.

பூதம் முழுசாக வெளியே வரவில்லை என்று சொர்ணலிங்கம் சொல்லி அனுப்ப, மறுநாள் காலை கீழப்பட்டிக் குழு வந்தது. மேடை நடுவில் பீப்பாய். பீப்பாயில் பூதம். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கியும் நகரவில்லை. மத்தியானம் வரை காத்திருந்துவிட்டு, அவர்கள் போய்விட்டார்கள்.

சொர்ணலிங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டார். "புகை வந்தது. பூதமும் பாதி வந்தது. மேடை உங்களுக்கே. அந்த ஆளை எப்படியாவது எடுங்கப்பா!"

எடுக்க வேண்டியிருக்கவில்லை. பீப்பாய்க்குள் சோற்றை வைக்க இடம் இல்லை என்று யாரும் அவருக்குச் சாப்பாடு போடவில்லை. மூன்றாம் நாள் பெரியகருப்பன் தானாகவே நழுவி வெளியே வந்தார். நாற்பதாயிரம் வேலை செய்ய மூன்று நாள் ஆகும் என்று வைரவன் குறித்து வைத்துக்கொண்டார்.

வீட்டில் பெரியகருப்பனின் மனைவி செல்லாயி வெந்நீரோடு காத்திருந்தாள். "முதுகைக் காட்டுங்க, தேய்ச்சு விடுறேன்."

"தொடாதே!" என்று பெரியகருப்பன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "நம்பர் அழிஞ்சா பழையபடி தடிச்சிடுவேன்!"

செல்லாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். விஷயம் உண்மைதான் என்று அவளுக்கும் பட்டது.

"முழுசா அழிக்க வேண்டாம். ஒரே ஒரு சைபரை மட்டும் துடைச்சுக்கறேன். இல்லேன்னா பழைய சட்டையெல்லாம் தொளதொளன்னு நிக்குமே!"