செத்தவன் பெயரில் வந்த செங்கற்கள்

இன்று நான்ஜிங் என்று சொல்லப்படும் ஊரில், மிங் பேரரசின் புதிய தலைநகருக்கு மதில் எழும்பிக்கொண்டிருந்த காலம். யாங்சே ஆற்றை ஒட்டிய ஊர்களெல்லாம் வீட்டுக்கு இத்தனை என்று செங்கல் அறுத்து, சுட்டு, படகில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் அறுத்தவனின் பெயர் இருக்க வேண்டும். கல் மோசம் என்றால் அந்தப் பெயருக்குரிய கழுத்து பதில் சொல்லும்.

மதில் பரிசோதகர் வேய் ஜுன் சந்தேகத்தை வைத்தே சோறு தின்றவர். மனைவி தேநீர் நீட்டினாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோவார். மழையில் மதிலின் ஒரு பகுதி சரிந்து இரண்டு கூலியாட்கள் செத்துப்போனதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. இரண்டு வாரம் பொறுத்த சேனாபதி, மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் குற்றவாளியின் தலை வேண்டும் என்று இன்று காலை சொல்லியனுப்பியிருந்தார். கிடைக்காவிட்டால் வேய் ஜுனுடையதே போதும் என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தார்.

இடிபாட்டிலிருந்து பொறுக்கிய முப்பது கற்கள் கூடத்தில் ஒரு கோணியின்மேல் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஃபாங் ஸி. வெளியே புகையேறிக் கறுத்த கற்கள்தாம். ஆனால் உடைந்த இடத்தில் உள்ளே வேகாத மண் தெரிந்தது. நகம் பட்டாலே உதிர்ந்தது. கறுத்த முகப்பில் பெயர் மட்டும் வெளிறிப்போய், பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கும்படி பளிச்சென்று இருந்தது. மதிலில் உறுதியாக நிற்கும் ஃபாங் ஸியின் பழைய கற்களையும் வேய் ஜுன் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவற்றில் கல்லும் கறுப்பு, பெயரும் கறுப்பு. விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. இந்த வித்தியாசம் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆறு நாள் படகுப் பயணத்தில் உள்ள ஃபாங் ஸியின் ஊரிலிருந்து ஆட்களைப் பிடித்துவந்திருந்தார்கள். ஃபாங் ஸி எங்கே என்று கேட்டதும் ஒரு பெண் முன்னால் வந்தாள். அவன் மனைவி யின் ஷி.

“அவரு செத்து ரெண்டு வருஷமாச்சுங்க ஐயா.”

எழுத்தர்கள் தலை நிமிர்ந்தார்கள். இறந்தவனை உயிரோடு இருப்பவனாகக் காட்டினால் நாடுகடத்துவார்கள். அது தெரிந்துதான் அவள் சொன்னாள்.

“ஆளுதான் போனாரு, வீட்டுக்கு விதிச்ச கல்லு போகலீங்க. நான்தான் மண்ணை மிதிச்சு அறுக்கிறேன். சுடுறதுக்கு முந்தி அவரோட மர முத்திரையைப் பச்சைக் கல்லுல அழுத்துறேன். அது ராத்திரிகூட என் இடுப்பை விட்டு இறங்குனதில்ல. நான் அறுத்த கல்லு இப்படி உதிராதுங்க.”

வேய் ஜுன் அவள் கைகளைப் பார்த்தார். மெலிந்த கைகள். அலுப்பில் மண்ணை அரைகுறையாக மிதித்திருப்பாளோ?

அடுத்து, சூளைக்காரன் ஷாவ் தா. அவன் வருவதற்கு முன்பே சாராய வாடை வந்துவிட்டது. வேகாத கல் என்றால் முதலில் பிடிக்க வேண்டியது இவனைத்தான்.

“குடிப்பேங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா சூளை எரியிறப்ப ஒரு சொட்டு தொடமாட்டேன். பேரு, எழுத்து எல்லாம் எனக்குத் தெரியாது. ஆறின கல்லை ஊர்த்தலைவர் கையில குடுத்தா என் வேலை முடிஞ்சுது.”

கடைசியாக ஊர்த்தலைவர் பெங் யூஷான். படித்தவர், சாந்தமான முகம்.

“ஃபாங் ஸி இறந்தது எனக்குத் தெரியும் ஐயா. விதவைக்கு வேறு என்ன வழி என்று பாவம் பார்த்துப் பெயரை மாற்றாமல் விட்டேன். அதற்கு வேண்டுமானால் என்னை அடியுங்கள். மற்றபடி என் பொறுப்பில் குறையில்லை. சூளை வாயிலில் நானே நின்று ஒவ்வொரு கல்லாக வாங்கிப் படகில் ஏற்றினேன். ஆறு நாளும் கற்களின்மேலேயே படுத்துவந்தேன். இன்னொருவர் கை அவற்றில் பட விடவில்லை.”

கூடமே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. எழுத்தர் ஒருவர் அவருக்கு உட்கார ஆசனம்கூடக் கொண்டுவந்து போட்டார். வேய் ஜுனுக்கு அந்த ஆசனத்தின் மேலும் சந்தேகம் வந்தது.

அவர் ஒரு கல்லை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காவலரை அழைத்து, மூவரில் ஒருவரைக் காட்டி, கட்டச் சொன்னார்.

கதை கேட்டவர்களே, குற்றவாளி யார்? வேய் ஜுன் அதை எதை வைத்துக் கண்டுபிடித்தார்?

விடை: பச்சைக் கல்லில் அழுத்திய பெயர் கல்லோடு சேர்ந்தே சூளையில் புகையேறிக் கறுக்கும். வெளிறிய பெயர் என்றால், சுட்ட பிறகு உளியால் வெட்டியது. முத்திரையை இடுப்பில் வைத்திருக்கும் யின் ஷிக்கு உளி எதற்கு? எழுத்தே தெரியாத ஷாவ் தா பெயர் வெட்டுவது எங்கே? சுட்ட கல்லில் வேறு கை படவில்லை என்று சொன்னவர் பெங்; அந்தப் பேச்சாலேயே அவர் மாட்டிக்கொண்டார். கட்டியதும் நடந்ததை அவரே ஒப்புக்கொண்டார்: வழியில் படகு பாறையில் மோதிப் பாதிக் கற்கள் ஆற்றோடு போய்விட்டன. கரையோரத்தில், கைவிட்ட சூளை ஒன்றில் பெயரில்லாமல் கிடந்த அரைவேக்காட்டுக் கற்களை ஏற்றி, ஃபாங் ஸியின் பெயரை அவரே வெட்டினார். செத்தவன் எழுந்து வரப்போவதில்லை, மனைவியும் தன் பொய் வெளிப்படும் என்று பயந்து வாயை மூடிக்கொள்வாள் என்று நம்பியிருந்தார். யின் ஷி வாய் திறப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஊர்த்தலைவர் அறிந்தே நடந்தது என்று எழுதி, வேய் ஜுன் அவளை நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றினார். ஆனால் வீட்டுக்கு விதித்த கல்லில் ஒன்றைக்கூடக் குறைக்க அவரால் முடியவில்லை. அடுத்த படகில் அவள் சொந்தப் பெயரில் கற்கள் வந்தன. வேய் ஜுன் ஒன்றையும் விடாமல் தன் கையாலேயே தட்டிப் பார்த்துத்தான் மதிலில் வைக்கவிட்டார்.