அடிகளின் மூக்கில் ரத்தம்

குன்றடி மடத்துச் சிவநேச அடிகளுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தணிகாசலமோ ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அறுபதைத் தாண்டியவர். குரு சொன்னதெல்லாம் அவருக்கு வேதவாக்கு. சொல்லாததும் வேதவாக்குதான், அதில்தான் வம்பே.

அன்று காலை கண் கலங்கி வந்து நின்றார்.

“சாமி, வீட்டுக்காரி காந்திமதிக்கு ரத்தக்கொதிப்பு ஏறிக்கிட்டே போகுது. நீங்கதான் காப்பாத்தணும்.”

“மாத்திரையை விடாம குடுங்க” என்று சொல்லி அடிகள் திருநீறு கொடுத்தார்.

அந்தத் திருநீற்றின் மேல் சொட்டென்று ரத்தம் விழுந்தது. அடிகளின் மூக்கிலிருந்து! தணிகாசலம் பதறினார்.

“ஐயோ, தலையை அண்ணாந்துக்குங்க சாமி!”

அடிகள் அண்ணாந்துகொள்ளவில்லை. முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தார். மூக்கின் மெத்தென்ற பாகத்தை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டார்.

“நின்னிருக்கும். கையை எடுத்துப் பாருங்க சாமி.”

அடிகள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். கையை எடுக்கவில்லை. தணிகாசலம் இருப்புக்கொள்ளாமல் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

கால் மணி நேரம் கழித்து வந்தபோது ரத்தம் நின்றிருந்தது. அவர் போனைக் கீழே போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“காந்திமதியோட கொதிப்பை நீங்க வாங்கிக்கிட்டீங்க சாமி! அதான் ரத்தமா இறங்கிடுச்சு.”

“யார் சொன்னாங்க?”

“யார் சொல்லணும்? எனக்குத் தெரியாதா? அவகிட்ட இப்பத்தான் பேசினேன். இனிமே மாத்திரையைத் தொடாதேன்னுட்டேன். சந்தோஷத்துல அழுதுட்டா.”

அவ்வளவு ரத்தம் போனபோதுகூட வெளுக்காத முகம் இப்போது வெளுத்தது. அடிகள் தன் சுட்டுவிரலை நீட்டினார். நக ஓரத்தில் ரத்தக் கறை.

“மூக்கைக் குடைஞ்சேன்.”

“சாமி?”

“காலையில உள்ள காஞ்சு போயிருந்துச்சு. குடைஞ்சேன். நகம் கீறிடுச்சு.”

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமியாவது, மூக்கைக் குடைவதாவது!

“வாசல்ல காத்திருக்கிற பக்தர்கள் அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேனே சாமி. இப்ப போய் இதைச் சொன்னா உங்க மரியாதை என்னாகும்? காந்திமதிகிட்ட வேற ஏதாவது சொல்லிக்கிறேன்.”

அடிகள் கீழே கிடந்த போனை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“மூக்கைக் குடைஞ்சேன்னே சொல்லுங்க. வேற எதைச் சொன்னாலும் அந்தம்மா மாத்திரை போட மாட்டாங்க.”