ஈரமண்

கொன்றைநல்லூர் மடத்துச் சாமி படுக்கையில் விழுந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. இரண்டு வாய்க் கஞ்சிதான் உள்ளே இறங்கியது. டாக்டர் வெளியே வந்து, "ஒரு வாரம் தாண்டுறது கஷ்டம்" என்று பொன்னம்பலத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

மடத்துக் கல்லூரியின் முதல்வர் பொன்னம்பலம். ஐம்பத்தாறு வயது. இருபதில் சாமியிடம் தீட்சை வாங்கியவர். அப்பா அம்மா போன பிறகு, அவரை நீ என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது சாமி ஒருவர்தான்.

சாமி கண்மூடுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று, கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"நம்ம கல்லூரியைப் பசுமை வளாகமா மாத்தப் போறேன் சாமி. மாடி முழுக்க சோலார். உள்ளே பிளாஸ்டிக் கிடையாது. ஆயிரம் மரக்கன்று. எங்கிருந்து தொடங்கணும்னு சாமிதான் சொல்லணும்."

சாமி கோப்பின் பக்கம் திரும்பவில்லை.

"எனக்குக் குழி எங்கே வெட்டப் போறே?"

பொன்னம்பலம் கோப்பை மூடினார். மடத்துச் சாமிகளை எரிப்பதில்லை. உட்கார்ந்தபடியே மண்ணில் வைப்பார்கள். அந்த இடம் இப்போது கல்லூரிக்குள் இருந்தது. முன்பு அது மடத்து நந்தவனம்.

"எங்க குருவை வெச்சப்போ ஆறடியிலேயே தண்ணி ஊறிடுச்சு. நான்தான் வாளியில இறைச்சேன். இறைக்க இறைக்க ஊறுது. கடைசியில சேத்துலயே உட்கார வெச்சோம். எனக்கும் ஈரமண்ணா பாரு. காஞ்ச மண்ணுல வெச்சுடாதே."

"அவ்வளவுதானே சாமி."

"எங்கே தொடங்கணும்னு கேட்டியே. போ."

மறுநாள் காலை கொத்தனார் வீரமுத்து ஆட்களும் கடப்பாரையுமாக வந்தார். நூலகத்துக்கு முன்னால் பேவர் பிளாக்கைப் பெயர்த்தார். மழைக்குக் கல்லூரி சேறாகக் கூடாது என்று, வாசலிலிருந்து விடுதிவரை பொன்னம்பலம் ஆசைப்பட்டுப் பதித்த கல்.

"போன வருஷம் பதிச்சதும் நான்தான், இப்பப் பெயர்க்கிறதும் நான்தான். இந்தக் காலேஜ் இருக்கிறவரைக்கும் எனக்குச் சோத்துக்குக் கவலையில்ல சார்."

"வாயை மூடிட்டு வெட்டுய்யா."

எட்டடி போனார்கள். புழுதி. விடுதிக்குப் பின்னால் பத்தடி. அங்கேயும் புழுதி. மூன்றாம் நாள், மூன்றாவது குழியைப் பழைய குருவின் சமாதிக்குப் பக்கத்திலேயே வெட்டினார்கள். பதினான்கு அடியில் பாறை தட்டியது. ஏணியில் நின்றபடி வீரமுத்து ஒரு பிடி மண்ணை மேலே நீட்டினார். விரலிடுக்கில் மாவாக உதிர்ந்தது.

"கல்லைப் பதிச்சதிலேருந்து பெய்ற மழையெல்லாம் ரோட்டுக்குத்தானே ஓடுது சார்" என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாமி கேட்டார்.

"ஈரம் வந்துச்சா?"

"இன்னும் ரெண்டடி சாமி."

"நேத்தும் ரெண்டடின்னுதான் சொன்னே." சாமி சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்கப் பொழுதாயிற்று. "என்னைச் சாகவும் விடமாட்டே போலிருக்கே."

ஐந்தாம் நாள் கஞ்சியும் இறங்கவில்லை. பொன்னம்பலம் மடத்து வாசலில் வந்து நின்று, மேல்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். பிறகு போனை எடுத்து, தண்ணீர் லாரிக்குச் சொன்னார்.

குழாயைக் குழிக்குள் விட்டுவிட்டு டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், நீச்சல் குளமா?"

"எங்கேப்பா பிடிச்சே?"

"கீழைப்பட்டியில. இந்தச் சுத்துவட்டாரத்துல அங்க ஒரு போர்தான் ஓடுது. இன்னைக்கு வண்டிக்கு முன்னாடி குடத்தை அடுக்கி மறிச்சுட்டாங்க. பொம்பளைங்க வாயில விழுந்து எழுந்து வர்றேன்."

பொன்னம்பலம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. குழி நிரம்பி, மெல்ல மெல்ல உள்வாங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர் வடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏணியில் இறங்கினார். அடியில் மண் கறுத்துக் குழைந்திருந்தது. ஒரு பிடி அள்ளினார். காலில் ஒட்டிய சேற்றைக்கூடக் கழுவாமல் மடத்துக்கு ஓடினார்.

"ஈரம் வந்துடுச்சு சாமி."

சாமி கையை நீட்டினார். பொன்னம்பலம் அந்த மண்ணை அதில் வைத்தார்.

சாமி கண் திறக்கவில்லை. கட்டைவிரலால் மண்ணைப் பிசைந்தார். மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் முகர்ந்தார்.

"பொன்னம்பலம்."

"சாமி."

"இது எந்த ஊர்த் தண்ணி?"