தண்ணீர் விலகிய இடம்

மூன்றாவது தடவையும் படலம் உரிந்து கையோடு வந்துவிட்டது. சூசைராஜ் அதைக் கசக்கித் தரையில் எறிந்தார்.

அமிலத் தொட்டிகளின் உட்சுவரில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிற பட்டறை அது. ஓரிடத்தில் எழும்பினாலும் போதும், அமிலம் இரும்பைத் தின்றுவிடும், பக்கத்தில் நிற்பவன் காலையும் விடாது. அதனால் புதிதாக வருபவர்கள் முதலில் தகட்டுத் துண்டில் ஒட்டிக் காட்ட வேண்டும். மூன்று தடவை தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாஸ்டர் வேதவல்லிக்கு முப்பத்தாறு வயது. பெயின்ட் வேலையை விட்டுவிட்டு அவரிடம் தொழில் கற்க வந்த சூசைராஜுக்கு ஐம்பத்திரண்டு. இந்த வயதில் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

"பசை மட்டம், மாஸ்டர்."

"பசை நல்லாத்தான் இருக்கு. உங்க துடைப்புதான் மட்டம், அண்ணே."

அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே மானத்தை வாங்குகிற வாய் அது. சூசைராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப குறை எங்கன்னு காட்டுங்க! சும்மா வாயால சொல்லாதீங்க!"

"காட்டிட்டா கிளம்பிடுவீங்களா?"

"இந்த நிமிஷமே."

சூசைராஜ் இன்னொரு தகட்டை எடுத்தார். உப்புத்தாளால் தேய்த்தார், தின்னரால் துடைத்தார், புதுத் துணியால் மறுபடியும் துடைத்தார். கையுறையைக் கழற்றவே இல்லை. ஆத்திரத்தில் தோள் வலித்ததுகூடத் தெரியவில்லை.

மாஸ்டர் வழக்கம்போலத் தன் கையுறையைக் கழற்றி, தகட்டின் நடுவில் உள்ளங்கையை அழுத்தினார். கண்ணுக்குத் தெரியாத தூசியும் தன் உள்ளங்கைக்குத் தெரியும் என்பது அவருடைய பெருமை. ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தகட்டையும் அப்படித்தான் அழுத்திப் பார்ப்பார்.

"இதையா சுத்தம்ங்கறீங்க? பிசுக்கு இருக்கிற இடத்துல தண்ணி பரவாது. இப்ப பாருங்க."

குவளையைச் சாய்த்தார். தண்ணீர் ஒரே விரிப்பாகத் தகடு முழுக்கப் பரவியது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் விலகி நின்றது. ஐந்து விரல்கள், ஓர் உள்ளங்கை.

"பாத்தீங்களா..." என்று ஆரம்பித்த மாஸ்டர் பாதியில் நிறுத்தினார்.

சூசைராஜ் கையுறையை உருவிவிட்டுத் தன் கையை அதற்கு மேலே பிடித்தார். அவர் கை ரொம்பப் பெரிது. அடையாளத்தில் சுண்டுவிரல் வளைந்திருந்தது. என்றோ தகட்டுக்கு அடியில் நசுங்கிய மாஸ்டரின் சுண்டுவிரல் அப்படித்தான் வளைந்திருக்கும்.

"மூணு தடவை!" சூசைராஜ் கத்தினார். "மூணு தடவை எல்லார் முன்னாடியும் என்னைக் கேவலப்படுத்தினீங்க!"

மாஸ்டர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"இன்னொண்ணு துடைங்க, அண்ணே. துடைச்ச கையோட ஒட்டிடுங்க. நான் தொட்டுப் பாக்க மாட்டேன்."

"சுத்தமா இருக்கான்னு யாரு பாக்கறது?" சூசைராஜின் கோபம் இன்னும் அடங்கவில்லை.

மாஸ்டர் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"துடைக்கிறது நீங்கதானே?"