சிறுத்தை மிச்சம் வைத்த கறி

ஓடைக்கரைக் காட்டில் காட்டுப்பன்றி ஒன்று இருந்தது. ஓட்டத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. அதைத் தின்ன வேண்டும் என்று சிறுத்தைக்கு நெடுநாள் ஆசை. எதிரே நின்றால் பன்றியின் தந்தம் வயிற்றைக் கிழித்துவிடும். துரத்தினாலோ, ஓடையைத் தாண்டி முட்புதருக்குள் மறைந்துவிடும்.

முதலில் அதன் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று சிறுத்தை முடிவு செய்தது. ஊருக்குள் புகுந்து அடித்து வந்த ஆட்டில், கொழுப்பு மண்டிய துண்டுகளை மிச்சம் வைத்தது. தள்ளிப் போய்ப் பாறைமேல் படுத்துக்கொண்டு, அந்த வழியே வந்த பன்றியைக் கூப்பிட்டது.

“சாப்பிடு, மாப்பிள்ளை. கிழங்கு தோண்டித் தோண்டி இளைத்துப் போய்விட்டாய்.”

எந்த மாமன் இப்படி வாரி வழங்குவான் என்று பன்றி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தினமும் வந்து ஒரு பிடி பிடித்தது. மழைக்காலம் முடிவதற்குள், நாலடி நடந்தாலே அதற்கு மூச்சு வாங்கியது.

பயந்துபோய் மரங்கொத்தியிடம் போனது. மரத்தைத் தட்டியே உள்ளே பூச்சி இருக்கிறதா என்று சொல்லிவிடும் வைத்தியச்சி அது. பன்றியின் மார்பையும் தட்டிப் பார்த்தது.

“ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது, தம்பி. கொழுத்த கறியை விடு. கொள்ளு, காராமணி தின்னு.”

“கறி இல்லாமல் தெம்பு எப்படி வரும், அக்கா? உடம்புக்குப் புரதம் வேண்டாமா?”

“காட்டெருமை எந்தக் கறியைத் தின்று அந்தத் தோளை வளர்த்தது? பயறிலும் புரதம் இருக்கிறது. கறியோடு கொழுப்பும் வரும், அது கொலஸ்ட்ராலை ஏற்றும். பயறோடு நார் வரும், அது கொலஸ்ட்ராலை வெளியே தள்ளும்.”

பன்றிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காலையில் காட்டோரக் கொல்லையில் வயிறு முட்டக் கொள்ளு தின்றது. அதுதான் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுமே என்று, மாலையில் கறியையும் தின்றது.

ஒருநாள் சிறுத்தை பாய்ந்தது. பன்றி ஓடியது. ஓடைக்கு முன்பே நெஞ்சை அடைத்தது. எப்படியோ தண்ணீரில் விழுந்து புரண்டு புதருக்குள் போய்ச் சேர்ந்தது. வால் மட்டும் சிறுத்தையின் வாயில் போய்விட்டது.

“கொள்ளு தின்றேனே, அக்கா!” என்று மரங்கொத்தியிடம் அழுதது.

“கறியை?”

“அதையும்தான்.”

“கறிக்குப் பதிலாகத் தின்னச் சொன்னேன். கறிக்குத் தொட்டுக்கொள்ளச் சொல்லவில்லை.”

பன்றிக்கு வெட்கமாகிவிட்டது. அன்றோடு கறியின் பக்கம் போகவில்லை. ஓடைக்கரையில் கறி ஈ மொய்த்துக் கிடந்தது.

“என்மேல் கோபமா, மாப்பிள்ளை?” என்று சிறுத்தை குழைந்தது. பன்றி காராமணியை மென்றபடி நடந்தது.

கோடையில் சிறுத்தை மறுபடி பாய்ந்தது. பன்றி ஓடையை ஒரே தாவலில் தாண்டியது. எட்டிக் கவ்வலாம் என்றால் வாலும் இல்லை.

நல்ல உணவைக் கூடச் சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது. கெடுக்கும் உணவை விட்டுவிட்டு, அதன் இடத்தில் நல்லதை உண்டால்தான் உடம்பு தேறும்.