வெட்டாத குளத்தில் குளித்தவர்கள்

வெகு காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை உக்கிரராயர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் அதையே மாற்றிச் சொல்வார், அவ்வளவுதான்.

ஒரு நாள் பக்கத்து நாட்டின் மேல் படையெடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. காரணம், அந்த நாட்டு ராஜாவின் யானைக்குத் தந்தம் நீளமாம். வீட்டுக்கு ஒரு ஆள் போருக்கு வர வேண்டும் என்றார்.

"ஜனங்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுக் கிளம்பலாம், மகாராஜா" என்றார் மந்திரி ஆதிமூலம்.

ராஜாவின் ஓலைகளை எழுதுகிற ராயசம் திருவேங்கடத்துக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "அது என்ன பிரமாத வேலை? கேள்வி எழுதி ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்" என்று முந்திக்கொண்டார்.

அவர் எழுதிய கேள்வியைக் கேளுங்கள். 'மகாராஜாவுக்காகப் போருக்கு ஆள் அனுப்ப உனக்கு ஆசையா, பேராசையா?' ஊர்ச் சாவடியில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பின்னால் ஈட்டிக்காரனை நிற்க வைத்து, பெயரையும் குறித்துக்கொண்டு கேட்டார். திரும்பி வந்து, "நாடே பேராசையில் துடிக்கிறது" என்றார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அந்தப் பதிலை நம்ப வேண்டாம்" என்றார் மந்திரி.

"அப்படியானால் நிரூபியும். முடியாவிட்டால் படையின் முதல் வரிசையில் நீர்தான் நிற்பீர்" என்றார் ராஜா. மந்திரியோ அரண்மனைப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்.

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க மந்திரி மெதுவாகக் கேட்டார். "கரட்டுமேட்டில் தாங்கள் வெட்டிய குளம் நினைவிருக்கிறதா, மகாராஜா?"

ராஜா மீசையைத் தடவினார். "நினைவில்லாமல் என்ன?"

"நான் முதல் நாளே முங்கிக் குளித்தேனே" என்றார் ராயசம்.

"நல்லது. அந்தத் தண்ணீர் இனிப்பா, மிக இனிப்பா என்றும் ஒரு கேள்வி சேர்த்து ராயசமே மறுபடி கேட்டு வரட்டும்" என்றார் மந்திரி.

ராயசம் போனார், வந்தார். எல்லோருக்கும் மிக இனிப்பு. ஒருவருக்குச் சொறி சிரங்குகூடப் போய்விட்டதாம். ராஜாவுக்குக் குளிக்கவே ஆசை வந்து, பரிவாரத்தோடு கரட்டுமேட்டுக்குக் கிளம்பினார்.

அங்கே மொட்டைப் பாறை. அதன் மேல் இரண்டு வெள்ளாடு. குளமும் இல்லை, குளத்துக்குத் தோண்டிய குழியும் இல்லை. ராயசத்துக்கு வேர்த்துக் கொட்டியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நல்லக்காளைக் கூப்பிட்டு, "இல்லாத குளத்துத் தண்ணீரை இனிப்பு என்றாயா நீ?" என்று கேட்டார் ராஜா.

"இனிப்பா, மிக இனிப்பான்னுதானே சாமி கேட்டாங்க. கொளமே இல்லேன்னு சொல்ல எடம் விடலையே. பின்னால ஈட்டி வேற. அதுக்கு முந்தி ஒரு நாள் வந்து, மகனைப் போருக்கு அனுப்ப ஆசையா, பேராசையான்னாங்க. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். பேராசைன்னுட்டு வீட்டுக்குப் போயி அழுதேன்."

ராஜா மந்திரியின் பக்கம் திரும்பினார்.

"தாங்கள் ஏன் நினைவிருக்கிறது என்றீர்கள், மகாராஜா? தங்கள் முதுகுக்குப் பின்னால் ஈட்டிகூட இல்லையே" என்றார் மந்திரி.

"அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்றார் ராஜா, தரையைப் பார்த்தபடி. பிறகு கோபம் வந்தது. "இனிமேல் இந்த நாட்டில் யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது."

"கேள்வி என்ன பாவம் செய்தது? வீடு வீடாக உட்கார்ந்து பேச நம் ஆயுசு போதாது. ஒரே கேள்வியை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டால் நாட்டின் மனசு சீக்கிரம் தெரிந்துவிடும். பயம் இல்லாமல் பதில் சொல்லத்தான் வழி செய்ய வேண்டும்."

மந்திரி ஊருக்கு ஒரு அறையில் வாய் குறுகிய பானை வைத்தார். போர் வேண்டும் என்றால் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் வேப்பங்கொட்டை, சொல்லத் தெரியாது என்றால் ஆமணக்கு. தனியாகப் போய்ப் போட வேண்டும். பெயர் இல்லை, ஈட்டி இல்லை. படைவீரர்களுக்கு ஒரு பானை, அரசவைக்கும் ஒரு பானை உண்டு. ராஜாவும் அதில்தான் போட்டார்.

பானைகளைச் சபையில் உடைத்தார்கள். ஊர்ப் பானைகளில் வேப்பங்கொட்டை கொட்டியது. படைவீரர்கள் பானையிலும் அதுவே. கடைசியாக அரசவைப் பானை. உடைத்துப் பார்த்தால், பேருக்கு ஒரு புளியங்கொட்டைகூட இல்லை. எல்லாமே வேம்பு.

ராயசத்தின் விதையும் அதில்தான் இருந்தது. ராஜாவின் விதையும் அதில்தான் இருந்தது.

"ஒருவருக்குமே வேண்டாத போருக்கா புறப்பட்டோம்?" என்றார் ராஜா. "ஏன் எல்லோரும் வேண்டாம் என்றார்கள்?"

"அதைக் கொட்டை சொல்லாது, மகாராஜா. ஆளிடம் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். தாங்களே முதலில் சொல்லலாம்."

"குதிரை ஏறினால் எனக்கு இடுப்பு வலிக்கிறது" என்றார் ராஜா.

போர் நின்றது. மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார் ராஜா. ராயசத்தின் கையில் ஒரு கடப்பாரை கொடுத்து, தாம் குளித்த குளத்தைத் தாமே வெட்டும்படி கரட்டுமேட்டுக்கு அனுப்பினார். அவர் பாறையைக் கொத்தும்போதெல்லாம் நல்லக்காளின் மகன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, "வேலை சுலபமா, மிகச் சுலபமா?" என்று விசாரித்துவிட்டுப் போவானாம்.